திங்கட்கிழமை லாஞ்சு

எலிபெண்டா குகைக்குத் திங்கட்கிழமை விடுமுறையாம்.
கேட்வேயில் மூன்று போட்டோக்காரர்களிடம் தப்பித்த பிறகுதான் தெரிந்தது.
"நமக்கும் லீவு, அதுக்கும் லீவு,
ரெண்டு பேரும் பாத்துக்காமயே போயிரலாம்" என்றார் கனகராசு.
டாக்சிக்காரர்தான் பாவுச்சா தக்கா என்றார்.
மோராவுக்கு லாஞ்சு போகும்,
பார்க்க ஒன்றுமில்லை, கடல்தான் என்றார்.

மீன் ஏலம் முடிந்து
ஈரம் மட்டும் மிச்சமிருந்த தளம்.
உடைந்த ஐஸ் மேல் செருப்பு வழுக்க
மகிழா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்,
அதனாலேயே மூக்கையும் மூடிக்கொண்டாள்.
படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன
சாயங்காலத்துத் திருப்பூர் டவுன் பஸ்கள்போல.
ஒன்றில் ஏறி இறங்கித்தான்
அடுத்ததை அடைய வேண்டும்.

எதிரே உட்கார்ந்த கோலிப் பெண்
கூடையைத் தூக்கி என் காலடியில் வைத்தாள்.
கேட்கவில்லை.
ஐஸ் தண்ணீர் என் கொலுசை நனைத்தது.
மராத்தியில் ஏதோ சொன்னாள்.
"பரவால்லைங்க" என்றேன்.
அத்தோடு எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

கடல் நீலமாக இல்லை.
நொய்யலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
தண்ணீரின் நிறம் ஒரு குறையில்லை.
காலி பண்ணச் சொல்லியும் கிளம்பாத குடித்தனக்காரர்கள்போல
எண்ணெய்க் கப்பல்கள் அங்கங்கே.
தீவைத் தாண்டியதும் இடப்பக்கம்
வரிசையாகக் கிரேன்கள்.
"அது என்னங்க?"
பக்கத்துப் பையனிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டுச் சொன்னார்:
"நவா சேவா."

பதினோரு வருடம்.
மாவு மில்லுக்கு மேல் மாடியில்
பனியன் கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில்
நான் தட்டிக்கொண்டே இருக்கிற பெயர்.
ஏற்றும் துறைமுகம் என்கிற கட்டத்தை
அது ஒருநாளும் தாண்டியதில்லை.
ஒருமுறை நான்காயிரத்து இருநூறு கிலோவை
நான்காயிரத்து இருபது என்று போட்டேன்.
ஹாம்பர்க் போக வேண்டிய குழந்தைச் சட்டைகள்
பத்தொன்பது நாள் இங்கேதான் கிடந்தன.
முதலாளி திட்டவில்லை.
பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு
காபி வரவழைத்தார்.
இங்கேயா கிடந்தன அவை,
இவ்வளவு வெயிலில்,
இப்படித் திறந்த வெளியில்.

"அம்மா, உன் பெட்டி எது?"
சிவப்பாக ஒன்றைக் காட்டினேன்.
பொய்தான்.
மகிழா அதற்குக் கையசைத்தாள்.
யாருக்கென்று தெரியாமலே
கோலிப் பெண்ணும் திரும்பிக் கையசைத்தாள்.

மோராவில் இறங்கி ஆளுக்கொரு வடாபாவ் தின்றோம்.
வேறொன்றும் செய்யவில்லை.
திரும்புகிற லாஞ்சில் கனகராசு தூங்கிவிட்டார்,
மகிழா வாந்தி எடுத்தாள்.
அவள் வாயைத் துடைத்தபடியே
கிரேன்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
பதினாலுக்கு அப்புறம் மங்கல்.

வியாழக்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.
நவா, ஓர் இடைவெளி, சேவா.
அந்த இடைவெளியில் இனிமேல்
கொஞ்சம் தண்ணீர் இருக்கும்,
ஐஸ் உருகினது,
மீன் வாடையோடு.