கலியவரதன்_இறுதி_3

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தில்
நீலத் தார்ப்பாய் விரித்து
ஐம்பது ரூபாய்க்கு ஒரு வட்டு என்று
ஊரிலிருக்கும் எல்லாக் கணினிக்கும் உயிர் விற்றவர்
நேற்று மாலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டார்.

மஞ்சக்குப்பத்தில் என் கடைக்கு மருமகன் வந்தான்.
"பன்னெண்டுக்குப் பதினெட்டு சைஸு. அறுபது வேணும்க்கா,
விடியறதுக்குள்ள.
கண்ணாடி போட்ட படம்தான் இருக்கு."

படத்தை ஏற்றினேன்.
சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பிச் சொன்னது:
இந்த மென்பொருள் உங்களுடையது அல்ல.

பதிமூன்று வருஷமாக எனக்கும் தெரியும்.
அவரிடம் வாங்கிய வட்டுதான்.
உறை மேல் மார்க்கரில் பூட்டுடைக்கும் எண்.
அவர் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலிருக்கும்,
இரண்டு முறை தப்பாக அடித்துத்தான் திறந்தேன்.
"மறுபடி கேட்டுச்சின்னா வாம்மா, வேற நம்பர் தரேன்" என்றிருந்தார்.

இப்போது கேட்கிறது.
அவரோ திரையில்,
கண்ணாடியில் ட்யூப் லைட் வெளிச்சம் அடிக்க,
வெட்டி ஒட்டக் காத்திருக்கிறார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன்.
'இது இல்லையென்றால் வேறென்ன'
என்ற ஒற்றைக் கேள்விக்காகவே
யாரோ ஒரு தளம் கட்டி வைத்திருக்கிறார்கள்.
விலை உள்ளதன் பெயரைத் தட்டினால்
விலை இல்லாதவை வரிசையாக இறங்குகின்றன.

முதலாவது, பதினைந்து நாள் இலவசம்.
கருமாதிக்கு ஒரு நாள் குறையும்.
இரண்டாவது, கார்டு நம்பர் கேட்டது, சும்மா வைத்துக்கொள்ளத்தானாம்.
மூன்றாவது எல்லாம் செய்து கொடுத்துவிட்டுக் கடைசியில்
அவர் நெற்றி நாமத்துக்குக் குறுக்கே
தன் பெயரைக் குத்தியனுப்பியது.
நான்காவது ஒன்றும் கேட்கவில்லை.
நிறுவக்கூட வேண்டாம், உலாவியிலேயே விரிந்தது.
சாம்பல் பலகை.
கத்தரி இருக்கவேண்டிய இடத்தில் கத்தரி.

கண்ணாடியின் வெளிச்சத்தைத் துடைத்தேன்.
உள்ளே கண் இருந்தது.

'தோற்றம்' என்று அடித்தேன்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் 'த' மட்டும்
பாடை தூக்க ஆள் வராத வீடு மாதிரி நின்றது.
'மறைவு' மட்டும் பிசகில்லாமல் வந்தது.

எழுத்துருக்களை மட்டும் குவித்துப்போட்ட
இன்னொரு பக்கத்துக்கு ஓடினேன்.
மணி ஒன்றரை. கெடிலத்துக் கொசு முழுக்க என் காலில்.
தடித்த, சதுரமான ஒன்று கிடைத்தது,
எல்லாக் கொம்பும் தன் எழுத்தோடு ஒட்டி.
அதன் உரிமத்தைப் படித்தேன், வாழ்நாளில் முதல்முறையாக:
எடுத்துக்கொள். மாற்று. பிறருக்குக் கொடு.
தனியாக மட்டும் விற்காதே.

படத்தில் அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
ஆதார் அட்டைப் படம். சிரிக்கவில்லை.

'இறுதி' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
ஊர்வலம் பத்து மணிக்கில்லை பதினொன்றுக்கு என்றான்,
'இறுதி_2'.
பேரப்பிள்ளை நிதர்சன் பெயர் விட்டுப்போச்சு என்றான்,
'இறுதி_3'.

பலகையின் மூலையில் சின்னதாக ஒரு கோப்பை:
பிடித்திருந்தால் எனக்கொரு காபி வாங்கித் தரலாமே.
தந்திருப்பேன். என் கார்டு கடல் தாண்டாது.
எங்கேயிருக்கிறார், இந்நேரம் அங்கே பகலா, தெரியாது.

தாளுக்கும் மைக்கும் மட்டும் காசு வாங்கினேன்.
அறுபதையும் சுருட்டி பைக்கில் வைக்கும்போது
ஒன்றை விரித்துப் பார்த்தான் மருமகன்.
அச்சகத்தின் பேர் போடும் அடிவரியில்
என் கடைப் பேருக்குப் பக்கத்தில்
அந்தத் தளத்தின் முகவரி.

"இது யாருக்கா, மாமாவுக்குச் சொந்தமா?"

"ஆமாம்" என்றேன்.
"தொழில் வழியில."