கலண்டருக்குக் கிட்ட

கோண்டாவிலில் அந்த வீட்டுக்கு நான் போனபோது
தரையில் ஏற்கெனவே சோக்குக் கோடுகள்.
சுவரிலிருந்து மூன்றடி இரண்டங்குலம், இரண்டு பக்கமும்.
நில அளவைத் திணைக்களத்தில்
முப்பத்தொரு வருடம் படம் கீறிய யோகநிதி
தன் முன்னறையையும் அளந்து கீறி வைத்திருந்தார்.
அதில் இரண்டு சதுரம் ஸ்பீக்கர்,
ஒரு சின்ன வட்டம் கதிரை.

"படத்தின்படி வைச்சிட்டன். ஆனா சரிவரேல்லை."

ஒன்று முப்பத்துநாலு கிலோ.
கொழும்பிலிருந்து லொறியில்
இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் வந்ததாம்.
அடியில் நாலு கூர் ஆணி.
சிவப்புச் சீமெந்து கீறுப்படும் என்று
ஆணிக்கொன்றாய் ஐந்து ரூபாய்க் குற்றி வைத்து,
"இதோடை என்ரை செலவு முடிஞ்சுது" என்றார்.

முதலில் இரைச்சல்.
பாட்டுப் போடாமலே ஒரு 'ம்ம்ம்',
பதில் சொல்ல விருப்பமில்லாத ஆளைப் போல.
தேசிமரத்தடியில் எர்த் கம்பி
காய்ந்த சுண்ணாம்புக் கல்லில் சும்மா நின்றது.
வாளித் தண்ணீரில் இரண்டு கை உப்பு.
மெல்ல ஊற்ற ஊற்ற
இரைச்சல் கல்லுக்குள் இறங்கிப் போனது.

பிறகு கண்ணாடி அலுமாரி.
ஒரேயொரு தாழ்ந்த சுரத்துக்கு மட்டும்
கோப்பைகள் எல்லாம் நடுங்கின;
பேப்பர் மடித்துச் செருகினோம்.
மூலையில் திரண்டுபோய் நிற்கும் அடித்தொனிக்கு
அரிசி மூட்டை.
"சோதிச்சு முடிய இதைக் காய்ச்சலாம்தானே?"

கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை இருந்தோம்.
அந்தக் கூம்புக்கு நடு என்று ஒன்றில்லை,
ஊர் முழுக்க அதற்கு நடு.

ஒரு பெண் குரல், ஒரு தம்புரா, வேறொன்றுமில்லாத பதிவு.
"கண்ணை மூடுங்கோ. அவ எங்கை நிக்கிறா?"
"கலண்டருக்குக் கிட்ட."

கலண்டர் இடது சுவரில்.
நான் இருந்து கேட்டேன்:
நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில்,
தரைக்கு நாலடி மேலே ஒரு வாய்.
மைக் வைத்து அளந்தேன், இரண்டும் ஒன்று.
வயரை மாற்றிப் பூட்டினேன். கலண்டர்.
அலுமாரியைத் தள்ளினோம். கலண்டர்.
கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
"கலண்டர் இருந்த இடத்துக்குக் கிட்ட."
இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசியாகக் கதிரையைத் திருப்பினேன்,
ஸ்பீக்கருக்கு அவர் முதுகு.
"இப்ப?"

கனநேரம் பேச்சில்லை.
"யன்னலடிக்குப் போயிட்டாள்."

அறையில் பிழையில்லை.
வலது காதுக்குப் போன கை
பாதியில் மனம் மாறி மயிரை ஒதுக்கியது.
எந்த வருடம், எந்தத் திசையிலிருந்து வந்தது
என்று நான் கேட்கவில்லை.
அளவுநாடாவைத் தாங்கோ என்றேன்.

வலது பக்கத்ததை அங்குலம் அங்குலமாக
அவரை நோக்கி நகர்த்தினேன்.
நாணயங்களும் கூடவே நகர்ந்தன.
கொஞ்சம் உள்ளே திருப்பி,
அந்தப் பக்கம் சத்தமும் ஒரு பிடி கூட்டி.
"இன்னும்."
"இன்னும் கொஞ்சம்."
ஏழரை அங்குலத்தில்
பஸ்ஸை மறிப்பதுபோல் கை உயர்ந்தது.
"நில்லும்" என்றார்.
என்னையல்ல.

படத்தில் ஒரு சதுரத்தை அழித்துவிட்டுத்
திரும்பக் கீறினார்.
"என்ரை சர்வீசிலை ஒரு காணியும்
இப்பிடிக் கோணலாய்க் கீறேல்லை."

தேத்தண்ணி போட அவர் உள்ளே போனதும்
அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன்.
எனக்கு அவள் வலப்பக்கக் கதவடியில்,
செருப்பைத் தேடுகிறவள் போல.
கோப்பைச் சத்தம் கேட்க எழும்பிவிட்டேன்.

படலை வரை வந்தார்.
"உப்புத் தண்ணி எத்தினை நாளைக்கு ஒருக்கா?"
"மழை வருமட்டும், கிழமைக்கு ஒருக்கா" என்று
இடது பக்கம் நின்று சொன்னேன்.