ஏழாவது வரி

நிதி விண்ணப்பத்தின் ஏழாவது வரியைச்
சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
நிர்வாகச் செலவு: பதினாலாயிரத்து இருநூறு வெள்ளி.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
ஒவ்வொரு காசும் உணவாகவே போய்ச் சேரட்டும்.

நல்ல மனசுதான். குறை சொல்லவில்லை.
போன வருடமும் அதே மனசு.

அரிசி வந்தது.
மார்சிலிங்கில், வாடகை வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில்,
சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைகளைச் சுற்றி
இடுப்பளவு உயரத்துக்கு ஐந்து கிலோ மூட்டைகள்.
மத்தி மீன் டப்பா, மைலோ, எண்ணெய்.
படம் எடுத்தோம். எல்லாரும் சிரித்தோம்.

அரிசிக்குக் கால் இல்லை என்பது
ராத்திரி ஏழு மணிக்குத்தான் உறைத்தது.

லாரியோடு யுஸ்ரி அடுத்த பேட்டைக்குப் போயாயிற்று.
தொண்டூழியர்கள் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள்.
தள்ளுவண்டி ஒன்று உண்டு, மூன்று சக்கரத்தோடு.
பட்டியலைப் புதுப்பிக்க ஆள் வைக்கவில்லை, அதனால்
இறந்துபோன திரு கோ அதில் இருந்தார்,
மார்ச்சில் வேலை போன ஸாஹிரா இல்லை.
கோவின் கதவைத் தட்டியவள் நான்.
திறந்த மகளிடம் பையை நீட்டிக்கொண்டே
பெயரைப் படித்தேன், சத்தமாக.

பதினோராம் மாடி ராக்கப்பன் இறங்கி வரவில்லை.
சர்க்கரை நோய் ஒரு காலை எடுத்திருந்தது.
அது எங்கள் தாளில் ஏறவில்லை.
ஆகஸ்டில் பொருளறையைத் திறந்தால்
அவர் பெயர் ஒட்டிய மூட்டையில் வண்டு.
ரொட்டியை டீயில் நனைத்தே அந்த மாதத்தை ஓட்டினேன் என்றார் பிறகு,
புகாராக அல்ல,
மணி கேட்டால் சொல்வதுபோல.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள்.
அந்தப் பூசாரி நான்தான்.
பூசாரிக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்,
விளக்கெண்ணெய் எந்தக் கணக்கில் வந்தது
என்று பழமொழி சொல்லவில்லை.

பக்கத்து மேசை பெய் ஷான் சொல்கிறாள்:
பேரை மாத்திடு, உணவுன்னு போடு, யார் பார்க்கப்போறா.
மாற்றியும் பார்த்தேன்.
உணவு: பதினாலாயிரத்து இருநூறு.
திரையில் அழகாகத்தான் இருந்தது.

எழுதுவதும் வரி, கட்டுவதும் வரி.
ராக்கப்பன் அந்த ரொட்டிக்குக் கட்டியது
இந்தத் தாளில் எங்கேயோ இருக்கும்.

அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன்,
இந்த முறை பிரித்துப் பிரித்து:
வாரம் மூன்று நாள் கதவு தட்ட ஒருவர்,
மலாயும் ஹொக்கியனும் பேசத் தெரிந்தவர்.
தொலைபேசி. பட்டியல்.
வண்டிக்குச் சக்கரம் ஒன்று, பதினெட்டு வெள்ளி.

சாப்பிட முடியாத பொருள்,
ஒப்புக்கொள்கிறேன்.