கோடு இறங்கும் வரை

பினாங்கில் எந்தக் கழிவறைக்கு முப்பது காசு,
எதற்குக் காசில்லை, எதில் தாழ்ப்பாள் ஆடும்
என்று கேளுங்கள், சொல்வேன்.
கறுப்புக் கால்சட்டை மட்டும் எட்டு வைத்திருக்கிறேன்.
தும்மல் வருமுன் கால்மேல் கால் போட்டுவிடுவேன்.
நான்கு தைப்பூசமாய்த் தண்ணீர்மலை ஏறவில்லை,
மூட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என்று
அட்டையில் எழுதிக்கொண்டாள் மெய் யீ.
எழுதட்டும்.
அதற்கும் முன்னால் பாயான் லெப்பாஸ்.
பன்னிரண்டு மணிநேர ஷிப்ட்டில்
வெள்ளை அங்கி, முக்காடு, இரட்டைக் கையுறை
கழற்றி மாட்டப் பதினான்கு நிமிடம்.
சூப்பர்வைசர் தருவது பத்து.
அப்புறம் கம்பெனி பஸ், அப்புறம் பாலத்தில் நெரிசல்,
சுற்றிலும் கடல்,
நடுவில் நான் பிறை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கெமுட்" என்றாள்.
மலாயில் இதற்கென்றே ஒரு வினைச்சொல்,
சந்தையில் ஜாமு விற்கிறவள்கூட உரக்கச் சொல்வாள்.
தமிழில் தேடினேன்.
'அங்கே', 'கீழே', 'அந்த இடம்'.
அம்மா அதையும் சொன்னதில்லை,
புருவத்தால் காட்டுவாள்.

திரைச்சீலைக்குப் பின்னால்
விரல் பருமனில் ஒரு கருவி, அதிலிருந்து கம்பி,
கம்பி முடிவில் பச்சைக் கோடு.
இறுக்கு என்றாள். ஏறியது.
விடு என்றாள்.
அங்கேயே நின்றது.

பதினாறு வருடம் சில்லு சோதித்தவள் நான்,
கோடு படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.
சும்மா இருக்கையில் இவ்வளவு மின்சாரம் ஓடினால்
சிவப்புத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

"கெட்டுப்போகவில்லை, காக். களைத்திருக்கிறது.
நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்தால்
தும்மும்போது பிடிக்க
அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்?"

அடக்கமான பெண் என்றுதான்
பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்கள் என்னை.
சிரிப்பு வந்தது.
மெதுவாகத்தான் சிரித்தேன், பழக்கம்.

லிஃப்ட் இறங்குவதாக நினைத்துக்கொள்,
மூச்சோடு, ஒவ்வொரு மாடியாக.
எங்கள் ஃபிளாட் லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றுவிடும் என்றேன்.
"அப்படியானால் இன்றைக்கு ஏழு வரைக்கும் போதும்."

ஆறாவது வாரம்.
பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நிற்கிறது.
பஸ் நகரவில்லை. பக்கத்தில் ரூபாவதி குறட்டை.
முதலில் தாடையை விடுகிறேன்,
அது இறுகியிருந்ததே இப்போதுதான் தெரிகிறது.
பிறகு வயிறு.
ஏழு.
ஆறு.
ஐந்தில் ஒரு குலுக்கல்,
ஏர்கோன் குளிரில் தும்மல் வந்துவிட்டது.

நனைந்தது. கொஞ்சம்தான்.
மறுபடி ஏழிலிருந்து.