பதினான்காம் குழாய்

கன்னிப்பூ அறுத்த வயலில் கிடை.
வலைக்கு இந்தப் பக்கம் பலவேசத்தின் நூற்றுநாற்பது உருப்படி,
அந்தப் பக்கம் சிவனணைந்தானுடைய ஆடுகள்.
செண்பகராமன்புதூர்க் கால்வாயில் தண்ணீர் நின்றுவிட்டது,
ஓரத்துச் சேறு மட்டும் காயவில்லை.
ஐப்பசி மழை விழுந்த பதினைந்தாம் நாள்
என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு சினையாடு, உதடு வீங்கி,
மூக்கில் பொருக்குத் தட்டி நின்றது.
வாயைத் திறந்தேன்.
நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
டார்ச்சைப் பிடித்திருந்த பலவேசம் கேட்டார்:
"ஏதும் தீண்டிட்டா டாக்டரம்மா?"
நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுக்க வந்தவள்.
டாக்டர் பூதப்பாண்டியில்
ஒரு பசுவுக்குள் முழங்கை வரை இருந்தார்.

தீண்டியதுதான். பாம்பு அல்ல.
கடுகை நாலாய் வகுந்தால்
ஒரு பங்குதான் வரும் அந்த ஈ.
சாணிச் சேற்றில் பிறந்து அந்தியில் எழும்.
சொந்தச் சிறகில் அதிகத் தூரம் போகாது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் கிளம்பினால்
டிக்கெட் எடுக்காமல் ஏறி
மாவட்டம் தாண்டிவிடும்.

பலவேசம் காதைத் திருப்பிக் காட்டினார்.
"எனக்கு வலக்காதுல கீறல்.
அவனுக்கு இடக்காது நுனி இருக்காது.
கலந்தாலும் விடியுமுன்ன பிரிச்சிருவோம்.
சீக்கு அவன் பக்கத்துலருந்து வந்தது. எழுதிக்கிடுங்க."
சிவனணைந்தானும் அதையே சொன்னார்,
கையை மட்டும் எதிர்த்திசைக்கு நீட்டி.

கழுத்து மயிரை ஒதுக்கி,
வலைக்கு இரண்டு பக்கமும் ஊசி குத்தினேன்.
இருபத்திரண்டு குழாய்.
வடசேரி பேருந்து நிலையத்தில்
மீன்பெட்டிகளுக்கு நடுவே என் ஐஸ்பெட்டியும் ஏறிப் போனது.
நடத்துனர் இரண்டு தடவை கேட்டார்
அதில் என்ன மீன் என்று.

மாசியில் தாள் வந்தது.
வயலில் கும்பப்பூ முற்றியிருந்தது,
ஆட்டுக்காரர்கள் எப்போதோ போயிருந்தார்கள்.

இந்தக் கிருமிக்கு உடம்பென்று பார்த்தால்
ஒரு மூட்டை, உள்ளே பத்துச் சீட்டு.
ஒரே ஆட்டின் ஒரே உயிரணுவில்
இரண்டு மூட்டை அவிழ்ந்தால்
திரும்பக் கட்டும்போது சீட்டு மாறும்.
தாளில் இருந்தது இவ்வளவுதான்:
இரண்டாம் துண்டு, முன்பே தெரிந்த வகை.
ஏழும் ஒன்பதும் வேறொரு கிளை.
ஐந்தாம் துண்டு எதோடும் சேரவில்லை;
மறுபடி வாசிக்க மாதிரி போதாது.

பலவேசத்துக்குப் போன் போட்டேன்.
வள்ளியூர்ப் பக்கம் எங்கோ. பின்னால்
காற்றாலை இறக்கை விட்டுவிட்டுக் கேட்டது.
"யாரு ஆட்டுலருந்துன்னு தெரிஞ்சுட்டா?"
"ரெண்டு பேர் ஆட்டுலயும்.
ஏதோ ஒரு ஆட்டை ரெண்டு விதமும் கடிச்சிருக்கு.
உள்ள போய்க் கலந்து
மூணாவதா ஒண்ணு வந்திருக்கு."
"காதுக்குறி எதுவும்...?"
"அதுக்குக் காது இல்ல."
"போன வருசம் ஊசி போட்டமே."
"ஊசி சில வகைக்குத்தான்."

கொஞ்ச நேரம் இறக்கைச் சத்தம் மட்டும்.
"அப்ப ஒங்க ஊர்லதான பொறந்திருக்கு?
பேரு வச்சாச்சா?"

வைத்திருந்தார்கள்.
தோவாளை, ஒரு சாய்கோடு, வருடம்,
இன்னொரு சாய்கோடு, பதினான்கு.
மல்லிகைக்கும் பிச்சிக்கும் ஏலம் கூவுகிற ஊரின் பெயர்
ஒரு நீல நாக்கின் மேல்.
பதினான்கு அந்தச் சினையாட்டின் குழாய்.

"அது செத்துட்டு," என்றார்.
"ஈன்ற மறுநாளே. குட்டி இருக்கு.
சிவனணைந்தான் ஆட்டுல விட்டுத்தான் ஊட்டுனோம்,
அவனே பிடிச்சு விட்டான்.
இப்ப துள்ளுது. ஆனா
காது இன்னும் வெட்டல.
எந்தக் காதுன்னு
எங்களுக்குள்ள பேச்சு முடியல."

லைன் விட்டுப் போனது.
நான் குழாய்களைக் கழுவ வைத்தேன்.
சன்னல் கம்பியில்
கடுகில் கால்பங்கு ஒன்று
வந்து உட்கார்ந்தது,
அல்லது தூசி.