ஏழாவது படுக்கை

மேலூர் தாண்டிப் பத்து கிலோமீட்டர்.
பதிவேட்டில் இந்தக் குன்றுக்குப் பெயரில்லை:
கல்லாங்குத்து, தரிசு, புறம்போக்கு.
ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை.

எண்ணினேன். ஏழு.

செயின் பிடிக்கும் நவநீதன்
ஆறாவது பாஞ்சாலிக்கு என்றான், உடனே.
ஏழாவதுக்கு யோசித்தான்
பிஸ்கட் பொட்டலம் தீரும் வரை.

சேலையை இழுத்துச் சொருகி
ஏறி வந்தாள் அடைக்கி:
"அது எங்க மொட்டைக்கொம்புக் கெடாவுக்கு.
மழை வந்தா வேற எங்கயும் படுக்காது."

சமணத் துறவிகள் என்று தொடங்கினேன்.
"கழுவுல ஏத்துனாகளே, அவுகளா?
இன்னும் ராத்திரிக்கு வாராக.
விடியக்காலம் தொட்டுப் பாருங்க,
கல்லு சுடும்."

பகல் வெயிலைப் பாறை தேக்கி வைக்கும்.
அது எனக்குத் தெரியும்.
ஆனாலும் கை போனது.

மேற்கே ஆனைமலை.
மதுரையை மிதிக்க வந்தது
அம்பு பட்டுக் கல்லானதாம்.
வந்த திசையிலேயே படுத்திருக்கிறது,
யாரும் எழுப்பவில்லை.
கிழக்கே இருந்த குன்று எந்தக் கதையும் இல்லாமலே போனது:
சதுரக் குழி, பச்சைத் தண்ணீர்,
ஒரு துருப்பிடித்த கம்ப்ரசர்.
அங்கே வெடி வைத்த நாளெல்லாம்
இங்கே தலையணைக் குழியில்
தேங்கிய நீர் நடுங்கும் என்றாள் அடைக்கி.
இதை மட்டும் கதைபோலச் சொல்லவில்லை.

நெற்றிப் பாறையில் ஒரு வரி.
புள்ளி வைக்கப் பழகாத காலத்து எழுத்து.
எண்ணெய் வணிகன் சாத்தன் மக —
அதற்குமேல் தோல் உரிந்துவிட்டது.
பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில்
யாரோ பிரபு, ஒரு இதயம்,
அம்புக்கு அந்தப் பக்கம் அவனும் எழுதவில்லை.

அலுவலகக் குறிப்பில் பழைய கை
'மகன்' என்று முடித்திருக்கிறது.
கடைசி எழுத்தை யார் பார்த்தார்கள்?
என் படிவத்தில்
மக வரை எழுதிப் பேனாவை மூடினேன்.

ஆறு படுக்கையும் ஆறடிக்கு மேல்.
ஏழாவது குட்டை.
டேப் பிசகியது, மூன்று முறை.
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.
பின்னந்தலைக்குக் குழி சரியாக இருந்தது.
குதிகால் விளிம்பில் முட்டியது.
யாரோ என் உயரத்தில்
உலகத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"எவ்வளவு மேடம்?"
"நாலடி பத்து. எழுதிக்க."

தூறல் பிடித்தது.
மேலே புருவம்போல் வெட்டிய காடி
நீரை அப்படியே திருப்பி
வெளியே விட்டது,
ஒரு சொட்டும் உள்ளே தராமல்.

கண்ணைத் திறந்தால்
தலைமாட்டில் மொட்டைக்கொம்புக் கெடா.
அசைபோட்டபடி நிற்கிறது,
நான் எழுந்துகொள்ளட்டும் என்று.