மூன்றாம் தசமதானம்

வெட்டுப்புள்ளிக்கும் எனக்கும் இடையில்
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் ஆறு.
அட்டன் டவுனில், போட்டோக் கொப்பிக் கடையில்
என் சுட்டெண்ணைத் தட்டிய பையன்
திரையைத் திருப்பிக்கூடக் காட்டாமல்
"ஒலுவில் அக்கா" என்றான்.
மிச்சக் காசை எண்ணித் தந்தான்.

அந்த ஆறை அரிசிக் கடைத் தராசில் போட்டால்
முள் அசையாது.

"கம்பஸ் கம்பஸ்தானே" என்றார் அப்பா
ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே.
கொட்டகலை வருவதற்குள் மூன்று தடவை.
மூன்றாவது தடவை
எனக்காகச் சொல்லவில்லை.

ஒன்பதாம் ஆண்டில் கண்காட்சி பார்க்கக்
கூட்டிப் போயிருந்தார்கள் பேராதனைக்கு.
புவியியல் துறையில், இரண்டு மேசை நீளத்துக்கு
சாந்தில் செய்த மலைநாடு.
தொட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.
தொட்டேன்.
ரயில் கோடு வளைகிற இடத்துக்கு மேலே
எங்கள் தோட்டம், கட்டைவிரல் நகத்தளவு.
பெயரில்லை.
ஆனால் சரிவு சரி.
தண்ணிக் குடத்தோடு பீலிக்கரையிலிருந்து ஏறும்போது
முழங்காலுக்குத் தெரிகிற
அதே சரிவு.

ஒலுவிலுக்குக் கண்டி வரை ரயில், அப்புறம் பஸ்.
சரசவி உயன கடக்கிறபோதெல்லாம்
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன்.
பதினொரு முறை.
வார் ஒரு முறையும் கழன்றிருக்கவில்லை.

ஹஸ்மியாவுக்கு ஒலுவில்தான் முதல் விருப்பம்.
நான் தோற்று வந்திறங்கிய அறைக்கு
அவள் நேர்ந்து வந்திருந்தாள்.
முதல் கிழமை அவளோடு பேசவில்லை.
இரண்டாம் கிழமை உப்புக்காற்றில் என் தலைமயிர் சிக்கெடுத்து
சீப்பு உடைந்தது.
அவளுடையதைத் தந்தாள்.

இடமாற்ற விண்ணப்பத்தில்
காரணம் என்று ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.
சாந்து மலையைப் பற்றிச் சொன்னேன்.
"அதையெல்லாம் எழுதாத புள்ள,
தூரம் எண்டு எழுது" என்றாள்.
என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று
அவளே எழுதினாள்.
தன் அறைத்தோழி போவதற்கு
அத்தனை அழகான எழுத்து.

கடிதம் தோட்டத்துக்குத்தான் வரும்.
எங்களுக்கு வராது.
முந்நூறு குடும்பத்துக்கு ஒரே விலாசம்.
ஒன்பது நாள் ஆபீஸ் லாச்சியில் கிடந்து
யாரோ ஸ்டேப்ளர் தேடியபோது அகப்பட்டது.
பதிய இன்னும் ஐந்து நாள்.
அப்பா சண்டைக்குப் போகவில்லை.
ஓட்டோவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டில்
லயக் கதவில் 14 என்று எழுதினார்.
யாரும் கொடுத்த இலக்கமில்லை.
பதின்மூன்றும் இல்லை, பதினைந்தும் இல்லை.

"எந்த பட்ச்?"
"உங்க பட்ச்தான்."
"காணலையே."
இங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர் இருக்கிறது.
ஒரு வருடம் சேர்ந்து பயந்து, சேர்ந்து பசித்து
வாங்கிக்கொண்ட பெயர்கள்.
என்னை முழுப் பெயரில் கூப்பிடுகிறார்கள்,
மேகலாதேவி,
வரவு இடாப்பில் உள்ளபடி.
கன்டீனில் இடம் விட்டுத் தள்ளி உட்காருகிறார்கள்.
மரியாதையாக.
கனவு கண்ட காலத்தில்
இந்த மரியாதையை நான் யோசித்திருக்கவில்லை.

மலையைத் தேடினேன்.
மூன்றாவது வாரம், களஞ்சிய அறையில்,
கால் உடைந்த கதிரைகளுக்குப் பின்னால்.
தூசு துடைத்தேன்.
ரயில் கோடு இருக்கிறது.
மேலே நகத்தளவு சாந்து பெயர்ந்து
உள்ளே கம்பி வலை தெரிகிறது.
என் விரல் செய்ததா, வேறு யாருடையதா,
தெரியவில்லை.

படமெடுத்து ஹஸ்மியாவுக்கு அனுப்பினேன்.
இதற்காகத்தான் வந்தேன் என்று.

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது:
"வடிவா இருக்கு.
கடல் எங்க புள்ள?"

மேசையைச் சுற்றி வந்தேன்.
கிழக்குப் பக்கம் மலை இறங்கி
பலகை விளிம்பில் முடிகிறது.
அதற்கப்பால்
கதிரைகள், சுவர்.